மண்டபத்தில் உட்கார்ந்து மண்டபத்தையே லைவில் பார்த்தவர்கள்

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபைக்குள் இறங்கிய நேரம் பார்த்து என் லைவ் நின்றது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே படிக்கலாம். அன்றைக்கு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நெய்வேலி நகரியத்தில் கேமரா மாட்டுவது, வெப்சைட் போடுவது இரண்டும் என் வேலை. 'கேமராக்காரம்மா' என்று கேட்டால் எந்த பிளாக்கிலும் வழி சொல்வார்கள். கலியமூர்த்தி அண்ணன் மைன்ஸில் பர்மனென்ட், சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். சின்ன மகள் கல்யாணத்துக்காக என்னைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, பெரியவ மஸ்கட்டுல மாசமா இருக்குறா. பிளேன் ஏறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த மாப்பிள்ளையத் தேடிப் புடிச்சதே அவதாம்மா. தாலி கட்றத அவ பாக்கலன்னா எனக்குச் சோறு எறங்காது."

வீடியோ கால் அவள் இருக்கும் இடத்துக்கு ஒழுங்காகப் போவதில்லை. அதனால் கல்யாணத்துக்கென்று ஒரு வெப்சைட் போட்டு, அந்தப் பக்கத்திலேயே லைவ் ஓடும்படி எம்பெட் செய்வதாக முடிவானது. கேமரா தரும் ஸ்ட்ரீமை பிரவுசர் அப்படியே வாங்காது. நடுவில் அதை மாற்றிக்கொடுக்கும் என்கோடர் பெட்டி வைத்து, சர்வருக்கு அனுப்பி, அங்கே கிடைக்கும் எம்பெட் கோடை நம் பக்கத்தில் ஒட்ட வேண்டும். முதல் நாள் சாயங்காலமே ஒட்டி, மஸ்கட்டிலிருந்து "சூப்பரா தெரியுது ஆன்ட்டி" என்று பதிலும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் மணவறை அலங்காரக்காரர் என்கோடருக்கு நெட் கொண்டுவரும் என் லேன் வயரை அழகாகச் சுருட்டி ஓரத்தில் வைத்திருந்தார். போட்டோவில் அசிங்கமாக விழுமாம். அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. என்கோடரை மண்டபத்து வைஃபையில் போட்டேன். ஆள் வராதவரை நன்றாகத்தான் ஓடியது.

கலியமூர்த்தி அண்ணனோ சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்திருந்தார். ஊரில் இல்லாதவர்களுக்கென்று நான் கொடுத்த க்யூஆர் கோடை ஆளுயர ஃப்ளெக்ஸாக அடித்து, பன்னீர் தெளிக்கிற இடத்திலேயே நிறுத்திவிட்டார். வந்தவர்கள் சந்தனம் எடுத்த கையோடு ஸ்கேன் செய்தார்கள். மேடையை போட்டோக்காரர்கள் மறைத்துக்கொண்டதால் உட்கார்ந்தவர்களுக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்தவர் முதல், பட்டுப்புடவைக்காரிகள் வரை அத்தனை பேரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, எதிரே நடக்கிற கல்யாணத்தை போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் என் என்கோடர் இருந்த அதே வைஃபை. "நம்ம வரிசை தெரியுதா பாருடி" என்று ஒரு குரல் வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பெரியவளிடமிருந்து மெசேஜ்: "ஆன்ட்டி, சுத்திகினே இருக்கு. தாலி கட்டிட்டாங்களா?"

தட்டு பாதிச் சபையைத் தாண்டியிருந்தது. அலங்காரத்துக்குள் புகுந்து வயரை மறுபடி இழுக்க நேரமில்லை. மேடையோரம் ஓடிப்போய் கலியமூர்த்தி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. நாதஸ்வரக்காரர் முன்னால் இருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. எம் பெரிய பொண்ணு மாசமா இருக்குறா, வர முடியல. அங்கேருந்து போன்ல பாத்துகினு இருக்குறா. அவளுக்குப் போட்ட எலையில நீங்கல்லாம் உக்காந்துகினு சாப்புடுறீங்க. தயவுசெஞ்சி போன உள்ள வைங்க. போட்டோக்காரத் தம்பிங்களா, கொஞ்சம் ஒதுங்குங்கப்பா, சனங்க நேராப் பாக்கட்டும்."

வரிசை வரிசையாகப் போன்கள் பைக்குள்ளும் இடுப்பிலும் போயின. போட்டோக்காரர்களும் விலகினார்கள். என் லேப்டாப்பில் பார்ப்பவர்கள் எண்ணிக்கை மடமடவென்று இறங்கி, வெளியூர்க்காரர்கள் சிலர் மட்டும் நின்றார்கள். தட்டு மேடை ஏறும்போது மஸ்கட்டிலிருந்து "வந்துடுச்சி" என்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கெட்டிமேளம் முழங்கி, தாலி ஏறி, அட்சதை விழுந்தது. கலியமூர்த்தி அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாத்துட்டாளா?"

"இன்னும் இல்லண்ணே. லைவ் அரை நிமிஷம் பின்னாடி வரும். அவளுக்கு இப்பத்தான் தாலிய எடுக்குறாங்க."

அவர் நகரவில்லை. மூடிய கையோடு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். லேப்டாப்பில் இரண்டாம் முறை கெட்டிமேளம் கேட்டதும் கையைத் திறந்து, அதுவரை போடாமல் வைத்திருந்த அட்சதையைத் திரை மேல் தூவினார். "பெரியவளோட சேந்து போடலாம்னுதான்" என்றார்.

கீபோர்டுக்குள் போன அரிசியை எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஸ்ட்ரீமுக்குத் தனி லைன் வேண்டும், வயருக்கு நாமே காவல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்வது வேறு. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கேட்டு வேலை எடுக்காதீர்கள். யார் பார்க்காவிட்டால் இந்த வீட்டுக்குச் சோறு இறங்காது என்று கேளுங்கள். அந்த ஒருவருக்காக லைன் போடுங்கள்.