குற்றவாளியின் கையொப்பம் தேவை

கடந்த சனிக்கிழமை மருமகன் நந்தன் வீடியோவில் வந்தான். கலிஃபோர்னியாவில் ஒரு குட்டி ஊரின் நகரசபையில் வேலை. முகம் வாடியிருந்தது.

"மாமா, ஒரு படிவம். நீங்கள்தான் பார்க்கோணும்."

ஒஸ்லோ மாநகரசபையில் முப்பது வருடம் மானியப் படிவங்களைத் திருப்பி அனுப்பிச் சம்பளம் வாங்கியவன் நான். வேறு யாரிடம் கேட்பான்?

விஷயம் இதுதான். அந்த ஊருக்குப் பக்கத்தில் பழங்குடியினர் நடத்தும் கசினோ. சூதாட வரும் வாகனங்களால் வீதியில் விபத்துகள். ஊரில் இருப்பதோ ஒரே ஒரு கிழட்டு அம்புலன்ஸ் — மேட்டில் ஏறினால் நின்றுவிடும். போன மாதம் ஒரு நோயாளியைப் பாதி வழியில் லொறிக்கு மாற்றினார்களாம். இப்படிப் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்று மாநில அரசு ஒரு நிதி வைத்திருக்கிறது. கேட்டால் புது அம்புலன்ஸ் வாங்கலாம். ஆனால்...

"கசினோ நடத்துற ஆக்களே கையெழுத்து வைச்சு ஆதரிக்கோணுமாம், மாமா. உங்களாலை எங்களுக்குக் கரைச்சல் எண்டு எழுதி அவையளிட்டையே நீட்டுறதோ? அடிக்க வருவினம்."

"எழுதினதை வாசி பாப்பம்."

வாசித்தான். ஆறு பக்கம். அது விண்ணப்பமில்லை, குற்றப்பத்திரிகை.

எனக்கு ஆஸ்ட்ரிட் ஞாபகம் வந்தார். இங்கே ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் எங்களுக்கு மேல்மாடியில் இருப்பவர். போன வருடம் அப்பிள் கேக்குடன் கதவைத் தட்டினார். "நீங்கள் மீன் பொரிப்பது என் படுக்கையறை வரை வருகிறது. புகை இழுக்கும் புது விசிறி கேட்டால் கட்டட நிர்வாகக் குழு என்னை நம்பவில்லை. நீங்களே எழுதித் தந்தால் நம்புவார்கள்."

என் மீனைப் பற்றி நானே புகார் எழுதுவதா? கேக் நன்றாக இருந்தது. எழுதினேன். விசிறி வந்தது — இரண்டு வீட்டுக்கும்.

"அஞ்சு பக்கத்தைக் கிழி. கேக் ஒண்டு வாங்கிக்கொண்டு நேரை போ" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ, மாமா."

"பகிடியில்லை. முதல் கேக்கைக் குடு. பிறகு படிவத்தை எடு."

புதன்கிழமை மறுபடி வந்தான். பல்லெல்லாம் தெரிந்தது. பழங்குடிச் சபையின் தலைவி ஓய்வுபெற்ற தாதியாம்.

"மனுசி கேக்கைச் சாப்பிட்டிட்டுக் கண்ணாடியைப் போட்டு வாசிச்சா, மாமா. 'தம்பி, குறைச்சு எழுதிப்போட்டாய், வெள்ளிக்கிழமை நெரிசலை விட்டிட்டியே' எண்டு தானே பேனை எடுத்து எழுதினா. கையெழுத்தும் வைச்சிட்டா. லொறியிலை ஏத்தினது அவவின்ரை தம்பியையாம்."

விண்ணப்பம் போய்விட்டது. இனி அதைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. எனக்கே வராது.

முப்பது வருடத்தில் படிவத்தோடு சேர்க்கச் சொல்லி எத்தனையோ இணைப்புகள் கேட்டிருக்கிறேன். கேக் கேட்கத் தோன்றியதே இல்லை.

இதை எழுதி முடிக்கும்போது கதவு தட்டும் சத்தம். ஆஸ்ட்ரிட். கையில் கேக். இந்த முறை நான் என்ன குற்றம் செய்தேனோ...