அப்பா அடைத்த ஓட்டை

கள்ளிக்குப்பத்தில் என் மகள் வீட்டுச் சிங்க்கில் அடைப்பை எடுத்ததும், தேங்கிய தண்ணீர் பெருமூச்சு விட்டபடி இறங்கியது. அது அப்பாவின் மூச்சேதான்.

வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாபிராமில் ஒரு பங்களாவை இடித்தார்கள். கன்றுக்குட்டிக்குக் கழுநீர் வைக்கலாமென்று அப்பா அங்கிருந்து ஒரு பீங்கான் தொட்டியை வாங்கிவந்தார். ஊற்றியதெல்லாம் அடியில் ஒழுகியது.

"ஓட்டத் தொட்டிய தலையில கட்டிட்டான், நீயும் தூக்கினு வந்துகீற," என்று அம்மா தினமும் குத்திக்காட்டினாள்.

கடைசியில் அப்பா ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, விற்கப் பார்த்தார். அதுவரை யாரையும் ஏமாற்றாத மனுஷர்.

ஒரு துரை வீட்டுச் சமையல்காரர் வந்து தொட்டியைக் கவிழ்த்துத் தடவினார். விரல் பூச்சில் நின்றது. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாத்தே, இது பாத்திரம் கழுவுற தொட்டியாச்சே. தண்ணி போற ஓட்ட எங்க?"

"நான்தாங்க அடச்சிட்டேன்," என்றார் அப்பா, தலைகுனிந்து.

"ஓட்ட இல்லாம இத்த வச்சிகினு இன்னா பண்றது? தொறந்து குடு, எடுத்துக்கிறேன்."

அப்பா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. உளி எடுக்க ஓடியவர் அடுப்படி வாசலில் நின்று கத்தினார்: "கேட்டியாடி? ஓட்டைக்குத்தான் வாங்குறாராம்!"

சிங்க்கில் தண்ணீர் இன்னும் பெருமூச்சோடு இறங்கிக்கொண்டிருக்க, மகள் திறந்திருந்த குழாயை மூடப் போனாள்.

"இன்னும் கொஞ்சம் உடும்மா," என்றேன்.