காத்தமுத்து அண்ணை தோண்டியெடுத்த ஜீப்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று முருங்கன் முழுக்கத் தெரியும். என் வெல்டிங் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள், காத்தமுத்து அண்ணையைத் தவிர. அவர் மலைநாட்டுத் தோட்டமொன்றில் துரையின் ஜீப்பைக் கழுவியவர். எழுபத்தேழுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு இந்தப் பக்கம் வந்தவர். காடு வெட்டி, கூலிக்குப் போய், வயல் செய்து, கடைசியில் அதே மாதிரி ஒரு பழைய லாண்ட் றோவர் ஜீப்பை வாங்கினார். "துரை ஏறின வண்டியில இப்ப என்ர பொஞ்சாதி ஏறுறா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

2007இல் ஷெல் விழத் தொடங்கி ஊரே கிளம்பியபோது டீசல் இல்லை. ஜீப்பைப் பின்வளவில் வெட்டிய குழிக்குள் இறக்கி, பனங்குற்றி அடுக்கி, மண்ணால் மூடிவிட்டுப் போனார். அந்த ஓட்டத்தில்தான் அவர் மனைவி மரியம்மா அக்காவின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஷெல் துண்டு ஏறியது. எடுக்க ஏலாது, உடம்பை ஆட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார்.

ஆட்டாமலாம்! மீள்குடியேறிய ஊரிலிருந்து தார் வீதிக்கு ஏழு கிலோமீற்றர், முழுக்கக் கிடங்கும் பள்ளமும். மாதாமாதம் கிளினிக்குக்கு உழவு இயந்திரப் பெட்டியில்தான் அக்கா போய்வந்தார், துவாய்த் தலைப்பைக் கடித்தபடி. 

2011இல் அண்ணை ஜீப்பைத் தோண்டியெடுத்து என் கடைக்கு இழுத்துவந்தார். நாலு மாதம் மாரடித்தோம். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அக்கா நீட்டிப் படுக்க மெத்தை போட்ட நீள வாங்குப் பலகை ஒன்று பொருத்தினேன். குலுக்கம் குறையட்டும் என்று அடியிலிருந்த வில்லுத் தகடுகளில் சிலதைக் கழற்றினோம். ஒவ்வொரு தடவையும் அண்ணை தானே வாங்கில் படுத்துக்கொண்டு, என்னைப் பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்வார். "குத்துது தம்பி, இன்னும் ஒண்டைக் கழட்டு!"

ஒரு பயம் மட்டும் அவரை விடவில்லை. துருவைக் கண்டால் மண்ணுக்குள் கிடந்த வண்டி என்று ஆமி கண்டுபிடிக்கும். மண்ணுக்குள் கிடந்ததென்றால் இயக்கத்தின் வண்டி என்று எழுதும். "ஒரு பொட்டுத் துருவும் தெரியக்கூடாது, நல்லா உரசு" என்றார். நானும் அடிச்சட்டம் முழுக்கக் கிறைண்டர் பிடித்து, இரும்பு கண்ணாடியாகும்வரை உரசி, பச்சைப் பெயின்ற் அடித்தேன். பெருமை வேறு எனக்கு!

வீதியில் ஓடுவதற்கு முன் வாகனப் பரிசோதனைக் கந்தோரில் காட்ட வேண்டும். அன்றைக்கே கிளினிக்கும் இருந்ததால் அக்காவை வாங்கில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். "என்னங்க, தொட்டில்ல போற மாதிரி இருக்கு" என்றார் அக்கா. அண்ணை கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

பரிசோதிக்கிற ஐயா பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். இடம்பெயர்ந்து அகதி முகாம்வரைக்கும் பொலித்தீனில் சுற்றி மடியிலேயே வைத்திருந்த புத்தகம் அது. "எல்லாம் சரி. அடிச்சட்டத்தில வெட்டியிருக்கிற இலக்கத்தைக் காட்டுங்கோ."

அண்ணை குனிந்து ஜீப்பின் திறப்பால் பெயின்றைச் சுரண்டினார். முன்னால் சுரண்டினார், பக்கத்தில் சுரண்டினார். வெறும் இரும்புதான் மினுங்கியது. 

"அண்ணை, அதை உரசினது நான்."

"நான்தானே தம்பி உரசச் சொன்னன்."

பரிசோதிக்கிற ஐயாவிடம் கத்தினேன், பிறகு கும்பிட்டேன். அவரும் கெட்ட மனிதரில்லை. "இலக்கம் இல்லாத வண்டியை நான் விட ஏலாது. பொலிஸிட்டைக் குடுக்கோணும்" என்றார், முகத்தைப் பாராமல்.

"அந்த வாங்கையாவது கழட்டித் தாங்கோ ஐயா" என்று அண்ணை கேட்டார். அதுவும் வண்டியோடு சேர்த்து எழுதியாயிற்றாம்.

அக்காவைத் தூக்கப் போனேன். அண்ணை என்னை விலக்கிவிட்டுத் தானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீதியோரம் நடந்தார். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. வெயில் சுட்டது.

"என்னங்க, கை நடுங்குது. என்னக் கீழ விடுங்க" என்றார் அக்கா.

அவர் விடவில்லை.