அக்காவின் கருமுட்டைகள்

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஆட்டுத்தொட்டியில் இறைச்சிக்காக அறுக்கப்படும் ஆடுகளின் சினைப்பைகளை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பேன். ஒவ்வொரு கருமுட்டையைச் சுற்றியும் சிறு செல்கள் இருக்கும். மூளையடியில் ஊறும் ஹார்மோன் வந்து சேர்ந்தால் அந்தச் செல்கள் பிழைக்கும், முட்டையும் வளரும். சேராவிட்டால் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். சாகிற செல்கள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். வளரத் தொடங்கிய முட்டைகளில் பெரும்பாலானவற்றின் முடிவு அதுதான். நோயல்ல, இயல்பு.

என் அக்கா பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்கிறாள். ஏலத்தில் எடுத்த இறாலை ஐஸில் போட்டு, பஸ்ஸில் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்பாள். முப்பது வயதாகும் முன்பே அவளுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. குழந்தை இல்லை. சென்னைக்கு வரவழைத்து ஒரு டாக்டரிடம் காட்டினேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு என் போனுக்குத்தான் வந்தது. அந்த ஹார்மோன் மிக அதிகம். சினைப்பை பதில் தராததால் மூளை மேலும் மேலும் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டாக்டர் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. கேண்டீனில் சோற்றுக்கு இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டேன்.

நம்பிக்கை குறைவு என்று டாக்டர் சொன்னார். அக்காவின் கணவர், என் மாமா, ஒருமுறை பார்த்துவிடலாம் என்றதால் முட்டை வளர ஊசி போட்டார்கள். ஸ்கேனில் ஒன்றுகூட வளர்ந்திருக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அக்கா கேட்டாள்:

"ஐஸுல கை வச்சு வச்சுத்தான் உள்ள எல்லாம் செத்துப்போச்சுனு அத்தை சொல்றாங்க. நெஜமாடி?"

"இல்லக்கா. நாம அம்மா வயித்துல இருக்கும்போதே அந்த முட்டைங்க சாக ஆரம்பிச்சிடும். எல்லா பொம்பளைக்கும் அப்டித்தான். உனுக்கு சீக்கிரம் தீந்துபோச்சு."

"இன்னாத்துக்கு சீக்கிரம்?"

"தெரியலக்கா."

"தெனம் அதத்தான பாக்குறேன்னு சொன்ன?"

"பாக்குறேன். உனுக்கு ஏன்னு தெரியல."

அவள் ஸ்கேன் படத்தைப் பைக்குள் வைத்தாள். "அப்போ நான் ஒண்ணும் பண்ணல."

"பண்ணல."

மறுநாள் அவளோடு ஊருக்குப் போனேன். சாப்பிடும்போது அவள் மாமியார் மறுபடி ஐஸ் பேச்சை எடுத்தார். அக்கா தட்டைப் பார்த்தபடியே, "இனிமே அதச் சொல்லாதீங்க அத்தே. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சதாம்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"என் தங்கச்சி."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வலை பிரிக்கப் போக எழுந்த மாமா நின்று, தன் அம்மாவிடம், "ஊசியும் வாணாம், இந்தப் பேச்சும் வாணாம். வுடும்மா" என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

எலும்பு பலவீனமாகாமல் இருக்க டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார். அதனால் மாதாமாதம் ரத்தம் படும். அன்று அக்கா எனக்குப் போன் செய்வாள்.

"வந்துடுச்சுடி."

"மாத்திரையால வருதுக்கா."

"தெரியும்."

பிறகு, இன்றைக்கு நண்டு வரத்தே இல்லை என்பாள்.