அப்பா சத்தம் போடாத நாள்

எங்கள் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. அவர் பேச்சுக்குப் போனே தேவையில்லை என்று அம்மா கிண்டல் செய்வாள். நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன் லீவுக்கு வந்திருந்தான். துவைக்கப் போட்ட அவன் பேண்ட்டில் அம்மா ஒரு கஞ்சாப் பொட்டலத்தைக் கண்டெடுத்ததும், இன்றைக்கு வீடு இரண்டுபடும் என்று நினைத்தேன். எனக்கு ஒன்பது வயது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அப்பா பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் மதியம்தான் திரும்பினார். வந்ததும் முட்டை எடுக்க வரும்படி அண்ணனைக் கூப்பிட்டார். எங்கள் கோழிப்பண்ணையில் கொட்டகைக்குள் யாரும் சத்தம் போடக்கூடாது. கோழிகள் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும், முட்டை குறைந்துவிடும். வேடிக்கை தவறிவிடக் கூடாதே என்று நானும் ஒரு முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

முட்டைகளை எடுத்து அடுக்கியபடியே, இது எப்படிக் கைக்கு வந்தது என்று அப்பா கேட்டார். அண்ணன் ஓர் அட்டை நிறைய முட்டைகளை அடுக்கி முடித்தான். அப்பா அவசரப்படுத்தவில்லை.

"பரீட்சைய நெனச்சாத் தூக்கமே வரலீங்கப்பா. இத இழுத்தாத் தூக்கம் வரும்னு கூடப் படிக்கிற பையன் குடுத்தானுங்க" என்றான் கடைசியில்.

அப்பா கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தார்.

"எனக்கும் இதப்பத்தி ஒண்ணுந் தெரியாது சாமி. டாக்டருகிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன். உன்ற வயசுல மூளை இன்னும் வளந்துட்டிருக்குதாம். இது ஞாபகத்தக் கெடுக்குமாம், போகப்போக இது இல்லாமத் தூக்கமே வராதாம்."

மார்க் போனால் போகட்டும் என்றும் சொன்னார். "பயமா இருந்தா எனக்குப் போன் போடு. எந்நேரமானாலும் வாரேன்."

அண்ணன் குமுறி அழுதான், அதையும் சத்தமில்லாமல். விடுதிக்குத் திரும்பிய சில நாளில் அவனிடமிருந்து போன் வந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். அவருக்குப் பிள்ளையாகப் பிறந்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனால் கொட்டகைக்குப் போன அன்று எனக்குப் பெரிய ஏமாற்றம். கோழி மிரளுமே என்றுதான் அண்ணனைச் சும்மா விட்டார் என்று நம்பினேன். திட்டுவதென்றால் வெளியே கூட்டிப் போயிருக்கலாமே என்று அம்மாவிடம் குறைகூடப் பட்டுக்கொண்டேன். வாயை அடக்கத் தெரியாத மனிதர், மகன் மனம் திறக்க வேண்டுமே என்று, அடக்கியே தீரவேண்டிய இடமாகப் பார்த்துப் போயிருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.