எனக்கு அனுமதி வந்தது, அவருக்கு வரவில்லை

போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலத்தில், ஒரு காலை. சென்னை விமான நிலையத்தில் கொழும்பு கவுண்டருக்கு முன்னால் நானும் என் கணவரும் நிற்கிறோம். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தள்ளிவிட்டு, "சாரி மேடம், நீங்க ரெண்டு பேரும் போக முடியாது" என்றாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

நாங்கள் ஆவடி கோவில்பதாகையில் இருக்கிறோம். ஒரே மகள், பியூலா. கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைப்பிரசவத்தில் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது பெற்றவர்கள் பக்கத்தில் இல்லை. அப்போது எங்களுக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. "நீ வந்திருந்தா நான் இவ்ளோ பயந்திருக்க மாட்டேம்மா" என்று பிறகு போனில் ஒரு முறை சொன்னாள். அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மறுபடி உண்டானபோது முதலிலேயே சொல்லிவிட்டாள். "ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீ வராம நான் உள்ள போக மாட்டேம்மா." கண்டிப்பாக வருவேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்தேனே தவிர, நான் எப்படிப்பட்டவள் என்று எங்கள் சபையார் எல்லோருக்கும் தெரியும். அம்பத்தூரில் துணி எடுப்பதென்றாலும் என் கணவர் கூட வர வேண்டும். இவர் முன்னால் நடப்பார், நான் அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவேன். ரயிலில் மகளிர் பெட்டியில்கூட ஏற மாட்டேன், இவரை விட்டுப் பிரிய வேண்டுமே! அதனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நான் வைத்த விண்ணப்பம் இதுதான்: "ஆண்டவரே, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கொண்டுபோய் என் மகளிடம் விட்டுவிடும்." இரண்டு பேரையும் என்பதை அழுத்திச் சொல்லுவேன். அவருக்குச் சரியாகக் கேட்க வேண்டும் என்று.

கிளம்புகிற ஏற்பாடெல்லாம் இவர்தான். ஆவடியில் ஒரு ராணுவ முகாமின் வண்டிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் முறைப்படி செய்கிறவர் என்று அவருக்கே ஒரு பெருமை உண்டு. கொரட்டூரில் இருக்கும் என் சிநேகிதி வேறு தைரியம் சொன்னாள். "சிலோனுக்கெல்லாம் விசாவே வாணாம்க்கா. டிக்கெட் எடுத்தியா, ஏறிக் குந்துனியா, போய்க்கினே இரு." நாங்களும் அப்படியே நம்பினோம்.

விசா அலுவலகத்தில் போய் நிற்கத் தேவையில்லை என்பது சரிதான். ஆனால் புறப்படும் முன்பே இணையத்தில் விவரம் கொடுத்து ஒரு பயண அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் ஈ.டி.ஏ. பியூலாவுக்கு அது தெரியும். வாட்ஸாப்பில், "ஈ.டி.ஏ. போட்டாச்சா அப்பா?" என்று கேட்டாள். "அதெல்லாம் போட்டாச்சு" என்று இவர் பதில் அனுப்பினார். அவளும் நிம்மதியாகிவிட்டாள்.

அன்று காலை எங்கள் டாக்சி பருத்திப்பட்டு தாண்டி பூந்தமல்லி நெரிசலில் நின்றபோது போன் வந்தது. மருமகன். குரல் சரியில்லை. "மாமி, அவவுக்கு பிரஷர் கூடிட்டுது. இண்டைக்கே ஆபரேஷன் செய்யவேணும் எண்டு டாக்டர் சொல்றார். அவ சம்மதிக்கிறா இல்லை. அம்மா வந்தாத்தான் எண்டு ஒரே பிடிவாதம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்திட்டன்."

"வந்துகினே கீறோம்னு சொல்லு மாப்ளே" என்று இவர் என் கையிலிருந்து போனை வாங்கிக் கத்தினார்.

இந்த நிலையில்தான் அந்தக் கவுண்டரில் போய் நின்றோம்.

"சார், உங்க ஈ.டி.ஏ. காட்டுங்க" என்றாள் அந்தப் பெண்.

"மத்தியானம் ரெண்டரை" என்றார் இவர்.

அவள் விழித்தாள். மறுபடியும் கேட்டாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது? ஃப்ளைட் உங்களுது. எப்போ போய்ச் சேரும்னு என்னைக் கேக்கறியே!"

இவர் இருந்த வண்டிப் பிரிவில் ஈ.டி.ஏ. என்றால் வண்டி போய்ச் சேரும் நேரம். எந்த வண்டி கிளம்பினாலும் அதைப் பலகையில் எழுதிப் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இவர் அறிந்த ஈ.டி.ஏ. அது ஒன்றுதான். மகள் கேட்டதும், விமானம் இறங்கும் நேரத்தை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதிவிட்டு, போட்டாச்சு என்று சொல்லியிருக்கிறார்!

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். இவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த மனிதர் தலை குனிந்து நான் பார்த்ததே கிடையாது. 

"இப்பவே அப்ளை பண்ணிப் பாருங்க. சில பேருக்கு சீக்கிரம் வந்துடும், சில பேருக்கு ஒரு நாள்கூட ஆகும்" என்றாள் அவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு மருமகனே எங்களுக்காக விண்ணப்பம் போட்டார். எங்கள் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினோம். அதன்பிறகு செய்வதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டு போனார்கள். வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது? "ஆண்டவரே, நாங்கள் முட்டாள்கள். எங்கள் முட்டாள்தனத்துக்கு என் பிள்ளையைப் பலி வாங்காதேயும். எங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்" என்று அழுதேன். அப்போதும் அந்த இரண்டு பேரை நான் விடவில்லை.

போன் அடித்தது. "மாமி, உங்கட வந்திட்டுது!" என்றார் மருமகன். எனக்குப் போன உயிர் திரும்பியது. "மாமாவோடதுப்பா?" என்றேன். "அது இன்னும் பரிசீலனையில எண்டுதான் காட்டுது."

பார்த்துக்கொண்டே நின்றோம். வரவில்லை. ஏனென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கவுண்டரை மூடப்போவதாக அந்தப் பெண் சொன்னாள். "மேடம், நீங்க மட்டும் போறீங்களா?"

நான் மட்டுமா? நான் இவரைப் பார்த்தேன். "நீ போடி" என்றார்.

"நான் எப்படிங்க தனியா? எனக்கு எந்தப் பக்கம் போகணும்னுகூடத் தெரியாது."

"கேட்டுகினு போ. வாய் கீதுல்ல? புள்ள காத்துகினு கீது, போ." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் நடந்தேன். ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். இத்தனை நாள் கேட்டேனே, பாதியை மட்டும் கொடுத்திருக்கிறாரே என்று. பார்த்தவர்களிடமெல்லாம் வழி கேட்டேன். விமானம் மேலே ஏறியபோது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பாவம், அவளும் கையை விடுவிக்கவில்லை. அவசரத்தில் இவர் தன் பெட்டியை என்னிடம் கொடுத்து அனுப்பிவிட்டு என் பெட்டியைத் தானே வைத்துக்கொண்டார் என்பது, கொழும்பில் திறந்து பார்த்து வேட்டியும் பனியனுமாக எடுத்தபோதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே என் மகளை ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள். முகம் வீங்கி, அடையாளமே தெரியவில்லை. என்னைக் கண்டதும் கையை இறுக்கிப் பிடித்தாள். "நீயும் உள்ள வாம்மா" என்றாள். உள்ளே யாரையும் விட முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். பியூலா கையை விடவில்லை. நான் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேனே, என் பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்து நடுங்குகிறாள். டாக்டர் அவசரப்படுத்துகிறார். ஐயோ, இதற்கா வந்தேன் என்று இருந்தது எனக்கு.

அப்போது அவள் என் பின்னால் பார்த்தாள். "அப்பா எங்க?"

"அவருக்கு அனுமதி வரலடி. ஆவடிக்குத் திரும்பிட்டாரு."

"அப்போ நீ?"

"நான் மட்டும்தான் வந்தேன்."

"ஃப்ளைட்லயா? தனியாவா? நீயா?"

"ஆமாண்டி. பயந்துகினேதான் வந்தேன். ஆனா வந்துட்டேன்ல?"

அவள் என்னையே பார்த்தாள். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீயே தனியா வந்துட்டியா!" என்றாள். பிறகு என் விரல்களைத் தானே விட்டுவிட்டாள். "சரிம்மா. நானும் போறேன்."

கதவு மூடியது. நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். இவர் மட்டும் என்னோடு வந்திருந்தால் அவளிடம் சொல்ல எனக்கு என்ன இருந்திருக்கும்? வழக்கம்போல அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். கொடுக்காமல் விட்டார் என்று யாரைக் கோபித்துக்கொண்டு வந்தேனோ, அந்த ஆண்டவர் அந்தக் கதவருகில் என் மகளுக்கு வேண்டியதை என் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

பேத்தி பிறந்தாள். பியூலாவைத் தீவிர சிகிச்சையில் வைத்திருந்து, பிழைத்துக்கொண்டாள் என்று மறுநாள் சொன்னார்கள். அன்றுதான் இவருக்கும் அனுமதி வந்தது. அடுத்த விமானத்தில் என் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

ஊர் திரும்பிய பிறகு நான் சும்மா இருக்கவில்லை. வாரம் ஒரு நாள் தனியாக பஸ் ஏறி இங்குள்ள ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பிரசவத்துக்கு வந்து துணையில்லாமல் இருக்கும் பெண்கள் பக்கத்தில் உட்காருகிறேன். கேட்டால் ஜெபிப்பேன், இல்லாவிட்டால் பேசிக்கொண்டிருப்பேன். இப்போதும் பஸ் படியில் கால் வைக்கும்போது பயமாகத்தான் இருக்கிறது.

அன்பானவர்களே, வெளிநாடு போவதானால் விசா வேண்டாம் என்ற பேச்சை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், முன் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது என் கணவர் எழுதச் சொன்னது. நான் சொல்ல வந்தது வேறு. உங்களுக்குக் கதவு திறந்து, நீங்கள் நம்பிப் பிடித்திருந்த கை மட்டும் வெளியே நின்றுவிட்டால், ஆண்டவர் ஜெபத்தைப் பாதிதான் கேட்டார் என்று திரும்பிவிடாதீர்கள். பயந்துகொண்டேயாவது உள்ளே போங்கள். நீங்கள் தனியாக வந்து நிற்பதைப் பார்க்க வேண்டிய ஒருவர் அங்கே காத்திருக்கலாம்.