மூலைக்கு ஒரு லென்ஸ்

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் என் காணி உறுதிப் பத்திரத்தைக் கைபேசியில் படமெடுத்த பிள்ளை, "மூலை கொஞ்சம் வெட்டுப்பட்டிட்டுது அன்ரி, பரவாயில்லைதானே?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பரவாயில்லையாம்! திரும்ப எடுக்கச் சொன்னேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். ஒரு மூலைக்காக நான் குண்டு போடும் பொம்பருக்குக் கீழே நின்றவள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கிய பிறகு குடாநாட்டில் கரண்ட் இல்லை. போட்டோக்கொப்பி மெசின்கள் துணி போர்த்திக்கொண்டு தூங்கின. நான் வேலை பார்த்த ஸ்ரூடியோவில் முக்காலியில் நிற்கும் பழைய பெட்டிக் கமெரா ஒன்று இருந்தது. அதற்குச் சூரியன் போதும். கொப்பித்தாள் அளவு பிலிம் போட்டு எடுத்து, அந்தப் பிலிமைப் படத்தாளோடு ஒட்டி வெயிலில் காட்டினால் அதே அளவில் பிரதி வந்துவிடும். சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு என்பதால் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் மணம் என் சட்டையை விட்டுப் போகவே இல்லை. கோயிலில் சனம் என்னை விட்டுத் தள்ளி நிற்கும். எனக்கு அது வசதிதான்.

அப்படி ஒரு நாள்தான் பரமேஸ் அக்கா வந்தார். தெல்லிப்பழையில் வீட்டை விட்டு ஓடிவந்து பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தார். வீடு இருந்த பக்கத்தை ராணுவம் பிடித்துவிட்டது, இனி ஒருவரும் போக முடியாது. கையில் மிஞ்சியது உறுதியும், அதோடிருந்த, எல்லையும் கிணறும் கீறிய காணிப் படமும்.

"ஒண்டு என்னட்டை, ஒண்டு கொழும்பிலை தங்கச்சியிட்டை. ஒரு குண்டுக்கு ரெண்டும் போகாது" என்றார்.

பிலிம் வரத் தடை. டப்பாவின் அடியில் இரண்டுதான் மிச்சம். முதலாளி சின்னராசா அண்ணை காணிப் படத்தை எடுக்கத் தன் பெரிய லென்ஸைப் பூட்டினார். ஊரில் உள்ள கல்யாணப் பொம்பிளைகளை எல்லாம் அழகாக்கியது என்று அவருக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. ஆனால் அது தள்ளி நின்று முகம் பார்க்கிற லென்ஸ். கிட்டப் போனால் கமெராவின் நீளும் தோல் மடிப்பை முழுக்க இழுத்தும் உள்ள அளவு வரப் போதவில்லை. முதல் பிலிமில் எழுத்தெல்லாம் பாதி அளவில் விழுந்தது. ஓரங்கள் கரைந்திருந்தன. பொம்பிளையின் காது கரைந்தால் அழகு, காணி கரைந்தால்?

பரமேஸ் அக்கா மூலையில் விரலை வைத்தார். "கிணறு எங்கை பிள்ளை?"

"நடுவெல்லாம் வடிவாய் விழுந்திருக்கு அக்கா."

"நடுவை ஆர் களவெடுக்கிறான்? களவு போறது எல்லையிலைதான்."

எனக்கு வெட்கமும் ரோசமும் சேர்ந்து வந்தன. இருட்டறையில் கரண்ட் இல்லாமல் சும்மா நின்ற, படம் பெருப்பிக்கும் என்லார்ஜரிலிருந்து சின்ன லென்ஸைக் கழற்றினேன். தட்டையான பிலிமைக் கிட்டவிருந்து தட்டையான தாளில் போடுவதுதான் அதன் பிழைப்பே.

"உந்தக் குட்டி உவ்வளவு பெரிய பிலிமை மூடுமோ?" அண்ணைக்குக் கோபம்.

"கிட்டப் போகப் போக வெளிச்ச வட்டம் பெருக்கும் அண்ணை. வந்து கமெராவின்ரை பின் கண்ணாடியிலை பாருங்கோ."

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் கனநேரம் வெளியே வரவில்லை. வந்து, கடைசிப் பிலிமை எடுத்துத் தந்தார்.

காணிப் படத்தை முற்றத்துச் சுவரில் குத்தினோம். அந்த லென்ஸுக்குத் திறந்து மூடும் விசை கிடையாது. பால்மா டப்பாவின் மூடிதான் அதற்கு மூடி. கிட்ட எடுப்பதால் வெளிச்சம் கனநேரம் வேண்டும். மூடியைத் திறந்தேன். பொம்பர் இரைந்தது.

"பங்கருக்கை வாங்கோ!" அண்ணை பதுங்குகுழிக்குள்ளிருந்து கத்தினார்.

இப்போது மூடினால் படம் இல்லை. திறந்தபடி விட்டு ஓடினால் பிலிம் வெந்துவிடும். நான் மூடியோடு நின்றேன். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாயிருந்தது. வீட்டைத்தான் எடுத்தாயிற்று, இதையுமா? பரமேஸ் அக்கா இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "பொறடா! என்ரை கிணறு இன்னும் விழுந்து முடியேல்லை!"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூடினேன். குண்டு வேறெங்கோ விழுந்தது. படத்தில் எழுத்து உள்ள அளவில், மூலைக் கிணறு அதன் வட்டத்தோடு, கத்தியால் கீறினமாதிரி விழுந்திருந்தது.

தொண்ணூற்றைந்தில் ராணுவம் நெருங்க ஊரே வெளிக்கிட்டபோது ஸ்ரூடியோ போயிற்று. கமெராவும் இரண்டு லென்ஸும் போயின. அண்ணை இடம்பெயர்ந்து போன வன்னியிலிருந்து திரும்பவில்லை. பரமேஸ் அக்காவின் மூல உறுதியும் காணிப் படமும் நாவற்குழி றோட்டில் மழையில் கூழாகின.

கனகாலம் கழித்து ராணுவம் காணியை விட்டபோது பரமேஸ் அக்கா என்னையும் கூட்டிப் போனார். வீடு இல்லை. வேலி இல்லை. எல்லைப் பனை இல்லை. கிணறு தூர்ந்து, பற்றை மூடி, இருந்த இடமே தெரியவில்லை. அவர் கொழும்பில் தங்கச்சியிடம் தப்பியிருந்த, நாங்கள் எடுத்த பிரதியை விரித்து, றோட்டோரத்திலிருந்து நாடா பிடித்து அளந்து, ஓரிடத்தில் செருப்பைக் கழற்றி அடையாளம் வைத்தார். மண்வெட்டியோடு நின்ற கூலியாட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சைதான். வெட்டுங்கோ."